தோ-சீ பக்கம், ஸாம்-மன்-ஜி பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்கப் பனியாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் இருக்கிற எங்கள் ஃப்ரீமான்ட் ஊரில் சில நாட்களில் விரிகுடாப் பக்கமிருந்து பனி எழுந்து வந்து, விளக்குக் கம்பங்களை இடுப்புக்கு மேலே காணாமல் அடித்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான்.

நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டில் ஹிங் கோ. காருக்குள் அவர் நெற்றியில் தடவும் தைலத்தின் வாசனை. வைப்பர் போய் வருகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

மூடிப்போன ஒரு மரச்சாமான் கடையின் பார்க்கிங் அது. வெறும் வெள்ளைக் கோடுகள்தான். சில வாரங்களாக அந்தக் கோடுகளுக்கு நடுவே ஹிங் கோ எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆ லாம், குட். வெரி குட். டுடே, ரோட்" என்றார்.

பார்க்கிங்கை விட்டு ரோட்டுக்கு வந்தேன். அதுவரை எனக்கு வராத ஒரு லாவகம் அன்றைக்கு வந்தது. கை தானாகத் திரும்பியது. கால் தானாக அழுத்தியது. நடைபாதையின் ஓரம் என் தோளுக்குப் பக்கத்திலேயே கூட வந்தது. ஹிங் கோ கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு மெதுவாக எதையோ முனகிப் பாடினார். எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு நிம்மதி. எங்கே போகிறோம் என்ற கவலையே இல்லாத தூக்கம் மாதிரி.

அப்போது பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் நேராக எங்களைப் பார்த்து வந்தன.

அந்த விளக்குகளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், ஹிங் கோ யார் என்று சொல்லிவிட வேண்டும்.

ரொட்டி சுட்ட டாக்சிக்காரர்

நான் சமைக்க வந்த இட்லிக் கடை மூடிப்போனதை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அந்தக் கடைக்கு இரண்டு கதவு தள்ளி ஹாங்காங்காரர் ஒருவரின் டீக்கடை இருந்தது. டீக்கடை என்றால் நாற்காலி மேசை போட்ட, ரொட்டியும் நூடுல்ஸும் கிடைக்கிற கடை. எங்கள் கடை மூடிய மறுநாளே அந்த முதலாளி என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் அடுப்படியில் நிறுத்திவிட்டார். பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. பேச எனக்கும் தெரியாது. காங்கேயம் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். தமிழிலேயே நாலு பேர் நடுவில் வாய் வராது.

அந்த அடுப்படியில் எல்லோரும் கான்டனீஸ் பேசுவார்கள். ரொட்டி சுடும் இடத்தில் நின்றவர் ஹிங். என்னைவிடச் சில வயது மூத்தவர். ஹாங்காங்கில் வாழ்நாள் முழுக்க டாக்சி ஓட்டியவர். மகள் கூப்பிட்டாள் என்று இங்கே வந்தவர். 'கோ' என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். எல்லோரும் ஹிங் கோ என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

என் பெயர் ராமசாமி. அவர்கள் நாக்கில் 'ர' நிற்காது. ஆகவே நான் 'லாம்' ஆனேன். முன்னால் ஒரு 'ஆ' சேர்த்து 'ஆ லாம்'. அவர்களில் பலருக்குக் குடும்பப் பெயரே லாம்தான் என்று பிறகு தெரிந்தது. சம்பள நாளில் முதலாளி "ஆ லாம்!" என்றால் மூன்று பேர் திரும்புவோம்.

வால் முளைத்த வார்த்தைகள்

முதல் சில நாட்கள் அந்தப் பேச்சு எனக்கு மழைச் சத்தம் மாதிரி இருந்தது. மேலும் கீழும் போகும், அவ்வளவுதான். பிறகு அதற்குள்ளே ஏதோ தெரிந்த முகங்கள் தட்டுப்பட ஆரம்பித்தன.

முதலாளி வந்தால் 'போ-சீ' என்பார்கள். பாஸ். வெளியே போகிற பஸ் 'பா-சீ'. டாக்சி 'திக்-சீ'. பாலாடைக்கட்டி, அதாவது சீஸ், 'ஜீ-சீ'. மேசையில் வைத்துவிட்டுப் போகும் டிப்ஸ் 'திப்-சீ'. டோஸ்ட் 'தோ-சீ'. முதல் தடவை கேட்டபோது தோசைக்கல் எங்கே என்று நானும் சுற்றிப் பார்த்தவன்தான்.

ஒரு மதியம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அது புரிந்தது. இங்கிலீஷ் வார்த்தை எங்கள் ஊருக்கு வந்தால் அதற்குப் பின்னால் ஒரு 'உ' ஒட்டிக்கொள்கிறது. பஸ்ஸு, காரு, பேங்க்கு, டோஸ்ட்டு. இவர்களிடம் போனால் ஒரு 'சீ' ஒட்டிக்கொள்கிறது. இரண்டு ஊர்க்காரர்களுக்குமே அந்த வார்த்தைகளை மொட்டையாக விட மனசு வரவில்லை. ஒரு வாலை வைத்து அனுப்பியிருக்கிறோம்.

இன்னொன்றும் கவனித்தேன். நம் ஆட்கள் 'லாக் பண்ணியாச்சு' என்பதை அவர்கள் 'லாக்-ஜோ' என்பார்கள். 'பார்க் பண்ணியாச்சு' என்றால் 'பாக்-ஜோ'. அந்த 'ஜோ' நம்முடைய 'ஆச்சு' மாதிரி. காலையில் கடைக்குள் நுழைந்ததும் "ஸெக்-ஜோ ஃபான் மெய்?" என்று கேட்பார்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். கடல் தாண்டி வந்து, யாரோ ஒருவர் தினமும் என்னைச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்!

அவர்களிடம் இருந்த வார்த்தைகளில் ஒன்று மட்டும் நாம் கொடுத்தது. மீன் உருண்டை போட்ட குழம்பை 'கா-லே' என்பார்கள். கறிதான். நம்மிடமிருந்து புறப்பட்டு, இங்கிலீஷ்காரன் வீட்டில் கொஞ்ச காலம் தங்கி, அங்கிருந்து ஹாங்காங் போய், கடைசியில் ஃப்ரீமான்டில் என் கரண்டிக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. அந்தச் சட்டியைக் கிளறும்போதெல்லாம் அதோடு தமிழில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் போல இருக்கும்.

சனிக்கிழமைகளில் சில சமயம் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற வீட்டுக்குப் போவேன். என் மாடிக்கு மேல் மாடியில் குடியிருந்த கார்த்தி அழைத்துப்போவான். சென்னைப் பையன், கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனசு. அங்கே எல்லோரும் "கோட் ரிவ்யூ பண்ணி, பக் ஃபிக்ஸ் பண்ணி, ரிலீஸ் பண்ணிடலாம்" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு 'பண்ணி' வரும்போதெல்லாம் தலையாட்டுவேன். திங்கட்கிழமை 'லாக்-ஜோ' கேட்டதும்தான் மூச்சு சீராகும்.

வேனில் வந்த சரசு

கார் ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது? என் மனைவி சரஸ்வதியால்தான்.

நான் அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று, கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு ஒரு வேன் பிடித்தார்கள். மச்சான், சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று வேன் நிறைந்துவிட்டது. நான் முன்னால், டிரைவர் பக்கத்தில். சரசு கடைசி சீட்டில், மூட்டைகளுக்கு நடுவே. வழியெல்லாம் எல்லோரும் எனக்கு யோசனை சொன்னார்கள். திரும்பி அவளைப் பார்க்கக்கூட எனக்குக் கூச்சம். இறங்கியதும் அவள் ஒரு வார்த்தை சொன்னாள்: "பாத்துங்க." நான் தலையாட்டினேன். அவ்வளவுதான்.

அவள் இங்கே வருவதற்கான காகிதங்கள் சேர வருடங்கள் ஓடின. போனில் பேசுவோம். அங்கே மச்சான் வீட்டு போன். சுற்றி ஆட்கள் இருப்பார்கள். இங்கே கூடத்தில் போன். என்னோடு தங்கியிருந்தவர்கள் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள். "நல்லாருக்கியா?" "நல்லாருக்கறனுங்க." அத்தோடு போனை வைத்துவிடுவோம்.

ஒருவழியாக அவளுக்கு விசா கிடைத்துவிட்டது என்றதும் கார்த்தி துள்ளிக் குதித்தான்.

"அங்கிள், ஆன்ட்டிய நான் பிக்கப் பண்றேன். ஆஃபீஸ்ல லீவ் அப்ளை பண்ணிடறேன். என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன், லக்கேஜ் தூக்க ஹெல்ப்பா இருக்கும்."

"இல்லப்பா..." என்றேன்.

"என்ன இல்லப்பா? உங்களுக்கு ஃப்ரீவேல மெர்ஜ் பண்ணத் தெரியுமா?"

எப்படிச் சொல்வேன் அவனிடம்? மறுபடியும் ஒரு வேன். மறுபடியும் நான் முன்னால், அவள் பின்னால். மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் எனக்கு வாய் கட்டிப்போகும். இத்தனை வருடம் கழித்து வருகிறவளிடம் விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்குமாவது நாங்கள் இருவர் மட்டும் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வீட்டிலும் ஆட்கள் இருப்பார்கள். ஆகவே அது காரில்தான் முடியும். காரை நான்தான் ஓட்ட வேண்டும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஹிங் கோவிடம் மட்டும், ஒரு நாள் பாத்திரம் அடுக்கும்போது, "மை வைஃப். ஏர்போர்ட். மீ டிரைவ்" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒன்லி யூ?" என்றார். "ஒன்லி மீ" என்றேன். வேறு விளக்கம் கேட்கவில்லை. அந்த ஞாயிறே பார்க்கிங்குக்கு அழைத்துப் போனார்.

காருக்குள் எங்களுக்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. பிரேக்குக்கு 'பிக்-லிக்'. டயருக்கு 'தாய்'. ஸ்பேனருக்கு 'சீ-பா-னா'. பம்ப்புக்கு 'பம்'. நான் நம் ஊர் வாலோடு சொல்வேன், அவர் தம் ஊர் வாலோடு சொல்வார். இடையில் இருப்பது இருவருக்கும் விளங்கும்.

மஞ்சள் விளக்குகள்

அந்தப் பனிக்கு மறுபடி வருகிறேன்.

விளக்குகள் நேராக வந்தன. நான் "பிக்-லிக், பிக்-லிக்!" என்று எனக்கே சொல்லிக்கொண்டு அழுத்தினேன். கார் குலுங்கி நின்றது. எதிரே வந்தது ஒரு ரொட்டி வேன். அதுவும் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது.

ஹிங் கோவுக்குக் கோபம் வந்துவிட்டது. கழுத்தை வெளியே நீட்டி, "லெய் திம் ஜா சே ஆ!" என்று கத்தினார். நீ எப்படி வண்டி ஓட்டுகிறாய் என்று அர்த்தம். டாக்சிக்காரர் குரல் அது. நானும் அந்த வேன்காரனை முறைத்தேன். இப்படியா கண்மூடித்தனமாக எதிரே வருவது?

வேன்காரர் இறங்கி வந்தார். வாட்டசாட்டமான ஆள், ஆனால் குரல் சாந்தமாக இருந்தது.

"சார், யூ ஆர் ஆன் த ராங் சைட்" என்றார்.

ஹிங் கோ என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு இருவரும் ரோட்டைப் பார்த்தோம்.

இடது பக்கமாகவே வந்திருக்கிறோம். நம் ஊர் மாதிரி. ஹாங்காங்கிலும் இடது பக்கம்தான். ஊரில் நான் சைக்கிளும் மொபெட்டும் ஓட்டியது இடது ஓரமாக. அமெரிக்கக் காரில் எனக்குப் பக்கத்து சீட் வலது பக்கம் வரும். ஹாங்காங்கில் டிரைவர் உட்காருவது அந்தப் பக்கம்தான். பனியில் போர்டும் தெரியவில்லை, வேறு காரும் தெரியவில்லை. அவர் தன் பழைய டாக்சியிலும் நான் என் மொபெட்டிலும் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். வேறு யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் அலறியிருப்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் அது சரியாகவே பட்டது.

"ஸோ-லீ, ஸோ-லீ" என்றார் ஹிங் கோ. குரல் உள்ளே போய்விட்டது.

அவரே இடம் மாறி உட்கார்ந்து காரைத் திருப்பினார். என் வாசலில் நிறுத்தியதும் உள்ளங்கையால் தன் முகத்தை ஒரு தடவை வழித்து, "ஃபே-சீ" என்றார். இங்கிலீஷ் ஃபேஸ்தான். அவர்கள் அதை மானம் என்கிற பொருளில் சொல்வார்கள். "திக்-சீ டிரைவர்... நோ ஃபே-சீ. நோ மோர் லெஸன், ஆ லாம்."

இரண்டு விரல்

அடுத்த நாட்களில் அவர் என்னைச் சாப்பிட்டாச்சா என்றுகூடக் கேட்கவில்லை. ரொட்டியைக் கருக்கினார். சரசு வரும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று. கார்த்தி தினமும் மாடிப்படியில் நிறுத்தி, "அங்கிள், ஃப்ளைட் நம்பர் குடுங்க, ட்ராக் பண்ணிக்கறேன்" என்றான்.

கேட்க வேண்டும். ஆனால் கேட்பதற்குத்தான் எனக்கு வாய் கிடையாதே.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் பார்த்திருந்தேன். பரிமாறுகிறவர்கள் இருவருக்குள் ஏதாவது மனஸ்தாபம் வந்தால், இளையவர் ஒரு கோப்பை டீயை இரண்டு கையாலும் மூத்தவர் முன்னால் வைப்பார். பேச்சு கிடையாது. மூத்தவர் மனது இளகினால் மேசையை இரண்டு விரலால் லேசாகத் தட்டுவார். சாதாரணமாக டீ ஊற்றினாலும் அப்படித்தான் நன்றி சொல்வார்கள். பேச வராதவர்களுக்கென்றே யாரோ ஏற்பாடு செய்துவைத்த வழி.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் ஒரு கோப்பை டீ ஊற்றினேன். இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தேன். நின்றேன்.

அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஆடை படிய ஆரம்பித்தது. அடுப்படியில் மற்றவர்களும் கையை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் காது சூடானது. ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

டொக், டொக்.

எவர்சில்வர் மேசையில் இரண்டு விரல்.

"ஸன்டே" என்றார். "பட் நோ லெஃப்ட். நோ ரைட்."

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். "லெஃப்ட் ரைட், ஓல்ட் கன்ட்ரி." பிறகு அடுப்படியைக் காட்டினார். அடுப்பைப் பார்த்து நின்றால் ரொட்டி சுடும் இடம் இடது கைப்பக்கம். சாண்ட்விச் அடுக்கும் பலகை வலது கைப்பக்கம். "திஸ் சைட், தோ-சீ. தட் சைட், ஸாம்-மன்-ஜி."

ஸாம்-மன்-ஜி என்றால் சாண்ட்விச்.

இடது வலது நாங்கள் இருவரும் ஊரிலிருந்து கொண்டு வந்தது. அதை நம்ப முடியாது. அடுப்படியை இங்கே வந்துதான் பழகினோம். ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறியதும் அவர் சொன்ன சட்டம் ஒன்றுதான்: ரோட்டின் நடுக்கோடு எப்போதும் தோ-சீ பக்கம் இருக்க வேண்டும். ஓரம் ஸாம்-மன்-ஜி பக்கம்.

அதற்குப் பிறகு நான் பக்கம் தவறவில்லை. "தோ-சீ!" என்பார், இடது பக்கம் திரும்புவேன். "ஸாம்-மன்-ஜி!" என்பார், வலது. ஃப்ரீவே என்கிற நெடுஞ்சாலைக்கும் அழைத்துப்போனார். பெரிய லாரிகள் கடந்து போகும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

லைசென்ஸ் பரீட்சைக்கு ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "டர்ன் லெஃப்ட் அட் த லைட்" என்றார். நான் "தோ-சீ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு திரும்பினேன். "எக்ஸ்க்யூஸ் மீ?" என்றார். "ஸோ-லீ" என்றேன். ஹிங் கோ குரல் மாதிரியே வந்துவிட்டது. அந்த அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டார். பாஸ்.

பாலத்தின் மேல்

சரசு வரும் நாளில் ஹிங் கோ தன் காரின் சாவியைக் கொடுத்தார். கூடவே இரண்டு பொட்டலம். என் பக்கத்துக்குத் தோ-சீ. அவள் உட்காரும் பக்கத்துக்கு முட்டை வைத்த ஸாம்-மன்-ஜி. நானே போய்க்கொள்கிறேன் என்று கார்த்தியிடம் ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். "ஆல் த பெஸ்ட் அங்கிள், ஃப்ரீவேல ஸ்லோவா போனாலும் டேஞ்சர்" என்று பயமுறுத்திவிட்டு விட்டுவிட்டான்.

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கதவு திறந்து திறந்து மூடியது. அரக்குப் புடவைக்கு மேல் யாருடையதோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப்பார்த்தாள்.

"வேற ஆருங்க வந்திருக்காங்க?"

"ஆருமில்ல. நா மட்டுந்தான்."

அவள் முகம் கொஞ்சம் மாறியது.

காருக்குப் பக்கத்தில் வந்ததும், நம் ஊர்ப் பழக்கத்தில் இடது கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். எதிரே ஸ்டியரிங். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"ஏனுங்க, நானா ஓட்டோணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது தோ-சீ பக்கம். நீ அந்தப் பக்கம் வா."

"என்ன பக்கம்?"

சொல்லவில்லை. கூச்சம். அவள் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கார் கிளம்பியது. அவ்வளவு பாடுபட்டு வாங்கிய தனிமை, இரண்டு பேருக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தது. வருடக்கணக்கில் சேர்த்து வைத்த பேச்சில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் "தோ-சீ" என்றும் "ஸாம்-மன்-ஜி" என்றும் உதடு மட்டும் அசைந்தது.

பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் தண்ணீர். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். கார் மிதப்பது போல இருந்தது.

"அப்பப் புடிச்சு என்னமோ மொணமொணங்கறீங்களே, ஏதாச்சும் வேண்டுதலுங்களா?" என்றாள் சரசு.

"வேண்டுதல் இல்ல. ரொட்டி."

"ரொட்டியா?"

சொல்ல ஆரம்பித்தேன். போ-சீ, பா-சீ, திக்-சீ. வால் முளைத்த வார்த்தைகள். பனி, ரொட்டி வேன், டீக் கோப்பை. மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். "இதுதான் ஸாம்-மன்-ஜி." அவள் ஒரு வாய் கடித்து, "உப்புப் பத்தல" என்றாள். பிறகு சிரித்தாள். பிறகு அவள் ஆரம்பித்தாள். அந்த வேனில் மூட்டைகளுக்கு நடுவில் என் பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்ததை, "பாத்துங்க" என்று சொன்னதற்குப் பிறகு சொல்ல வைத்திருந்ததை, போனில் சொல்லாமல் விட்டதை எல்லாம். நான் "ம்" கொட்டவில்லை. பதில் சொன்னேன். முழு வாக்கியமாக.

பாலம் முடிந்து ஃப்ரீவே வந்தது. கொஞ்ச தூரத்தில் மௌரி அவென்யூ போர்டு தலைக்கு மேல் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு அங்கேதான் ஃப்ரீவேயை விட்டு இறங்க வேண்டும். அதற்கு ஸாம்-மன்-ஜி பக்கம் ஒதுங்க வேண்டும்.

ஸாம்-மன்-ஜி பக்கம் சரசு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நான் நேராகவே ஓட்டினேன்.